மிதிக்கயிறு அறுந்த ராத்திரி

எங்கள் நைனாவைப் பற்றி யார் விசாரித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். "அட்டாக்குன்னு சொன்னாங்க, நீ இன்னாடான்னா வால்வு மாத்தினோம்ன்ற, அட்டாக்கா வால்வா, எதுனா ஒண்ணு சொல்லு." ரெண்டும்தான், ஒன்று வந்து இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று சொன்னால் ஏதோ மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள். போன வாரம் ஆம்பூர் பஸ்ஸில் ஒருத்தர் பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் இதையே கேட்டுக்கொண்டு வந்தார். அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், இனிமேல் கேட்கிறவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

அவர்கள் குழம்புவதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் வால்வு என்றாலே அது சின்ன வயசில் ஆரம்பித்த கோளாறு. தொண்டைப் புண்ணுக்கு அப்புறம் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வரும், அது ருமாட்டிக் காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும், அப்புறம் 20, 25 வயசில் பிரசவத்தின்போதோ தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ மூச்சு வாங்கி வால்வு சுருங்கியிருப்பது தெரியவரும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு அக்கா இருக்கிறார், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு வருவார். அட்டாக் என்பது வேறு கணக்கு. அது குழாய் அடைப்பு, 50 தாண்டிய ஆம்பளைக்கு வருவது, குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் வைத்தால் சரி. இரண்டும் இரண்டு தனித்தனிக் கடையில் விற்கிற சரக்கு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரைக் கடைசி. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1ஆம் தேதி, அதற்கு ஒரு வாரம் இருக்கிறது. வெயில் எப்படி என்று வேலூர் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைனா நெசவு, லுங்கி போடுகிறார், வீட்டுக்குள்ளேயே குழித்தறி. அப்போது 57 வயசு. பீடி உண்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டு, தறிக்குழிக்குப் பக்கத்திலேயே தீப்பெட்டி வைத்திருப்பார். சர்க்கரை இருந்தது, மாத்திரை போட்டால் போடுவார் இல்லையென்றால் இல்லை.

விடியற்காலை 3 மணிக்கு மேல்வயிற்றில் வலி என்று எழுந்திருக்கிறார். வாந்தி எடுத்திருக்கிறார், உடம்பெல்லாம் வியர்வை. முந்தின ராத்திரி கல்யாண வீட்டுச் சாப்பாடு என்பதால் எல்லாருக்கும் காரணம் கையிலேயே இருந்தது. வாய்வு. அம்மா ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார், பக்கத்து வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், எனக்குப் போன் பண்ணியபோது நானும் "ஜெலுசில் ஊத்திக் குடும்மா" என்றுதான் சொன்னேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற அட்டாக்கைத்தான் நாம் சினிமாவில் பார்த்திருக்கிறோம். இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் வருகிற அட்டாக் பல பேருக்கு வயிற்றுவலி, வாந்தி என்றுதான் வரும் என்பது எனக்கு 11 மணிக்கு மேல், ஈசிஜி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் சொன்னபோதுதான் தெரிந்தது. அதற்குள் எட்டு மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரிப் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் நான்கு ஆஸ்பத்திரி வருகிறது, சிலது நல்லது செய்தது, சிலது தவறவிட்டது, யாரையும் பெயர் சொல்லித் திட்டவோ புகழவோ இந்த இடம் இல்லை.

வலது பக்க ரத்தக்குழாயில் முழு அடைப்பு. தொடை வழியாகப் போய்த் திறந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சாயந்திரமே நைனா கண்ணைத் திறந்து பீடி கேட்டார். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரைப் பட்டியல், உப்புக் குறை, எண்ணெய் குறை, பீடியை விடு, ஒரு மாசம் கழித்து வா. அவ்வளவுதான். கண்டம் தாண்டியாச்சு என்று அம்மா கெங்கையம்மனுக்குப் புடவை நேர்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள்.

சிரசு அன்றைக்கு ராத்திரி. தெருவெல்லாம் கூட்டம், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஏழு பேர். வாணவேடிக்கை ஆரம்பித்த நேரம். நைனா பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "இன்னா நைனா?" என்றேன். "படுத்தா நெஞ்ச அமுக்குதுடா. உக்காந்தா கொஞ்சம் தேவல." சரி, சாய்ந்து உட்காரட்டும் என்று தலைக்கு இரண்டு தலையணை வைத்தேன். பத்து நிமிஷத்தில் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், இரண்டு கையையும் பாயில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டை ரெண்டும் காதுக்கு ஏறி ஏறி இறங்குகிறது. நெற்றியைத் தொட்டேன், ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது, ஆனால் வியர்வை வழிகிறது. வைகாசி வெயிலில் ஒருத்தர் உடம்பு சில்லென்று இருப்பது எவ்வளவு கெட்ட விஷயம் என்று இப்போது தெரிகிறது.

திண்ணையில் இருந்தவர்களிடம் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி ஏசியில் இருந்துவிட்டு வந்ததால் சளி. அட்டாக்குக்கு அப்புறம் வீக்னஸ் இருக்கத்தான் செய்யும். பட்டாசுப் புகை. பீடியை ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும் என்றும் ஒரு பெரியவர் சொன்னார்.

பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பையன், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், முன்னால் வைத்துக் கேட்டார், நெஞ்சில் சளி நிறைய இருக்கிறது என்று நெபுலைசர் வைத்தார். ஸ்டென்ட் காகிதத்தைக் காட்டினேன். "அது சரியாயிடுச்சுல்ல, இது வேற" என்றார். அந்தப் பையன் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அப்புறம் வேலூரில் ஒரு பெரிய டாக்டர் சொன்னார், இந்த மாதிரி வால்வின் பிடி திடீரென்று கிழிகிறபோது ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் பெரிசாகக் கேட்க வேண்டும் என்றில்லை, சில சமயம் கேட்கவே கேட்காது என்று. ஓட்டை சின்னதாக இருந்தால் தண்ணீர் விசிலடித்துக்கொண்டு வரும், மதகே உடைந்துபோனால் அப்படி விசில் வராது, அந்த மாதிரி. கோபம் பாதி குறைந்தது. "அது சரியாயிடுச்சுல்ல" என்ற வார்த்தை மேல் இருக்கிற பாக்கிக் கோபம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதையேதான் நானும் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெபுலைசர் வைத்துக் கால் மணி நேரம் கழித்து நைனா இருமினார். துண்டில் துப்பியதைப் பார்த்தேன். நுரை, சோப்பு நுரை மாதிரி, அதில் லேசாக ரோஸ் கலர். சளி அப்படி இருக்காது. டாக்டர் பையனுக்கும் முகம் மாறிவிட்டது, அவரே 108க்குப் போன் பண்ணினார், அதையும் சொல்லியாக வேண்டும். சிரசுக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. நாலு பேர் நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் வந்தோம். கூட்டம் விலகி வழி விட்டது, சாமியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ ரெண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி. அந்த 35 கிலோமீட்டரும் நைனா படுக்கவே இல்லை, ஸ்ட்ரெச்சர் மேல் உட்கார்ந்துகொண்டேதான் வந்தார்.

வேலூரில் எமர்ஜென்சியிலேயே எக்கோ மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருட்டுத் திரையில் சாம்பல் கலரில் இதயம் அடித்துக்கொண்டிருந்தது, ஒரு கதவு மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. அதன் நுனியில் சின்னதாக ஒரு கட்டி மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டு சுற்றியது. அறுந்துபோன தசையின் துண்டு அது என்று அப்புறம் சொன்னார்கள். சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் கலர் போட்டுப் பார்த்தார்கள், அட்டாக்குக்கு அப்புறம் அப்படியும் ஆகுமாம், இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். ஓட்டை இல்லை. வால்வுதான்.

அந்த ராத்திரி ஒரு டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

நுரையீரலில் சுத்தமான ரத்தம் இதயத்தின் இடது மேல் அறைக்கு வருகிறது, அங்கிருந்து இடது கீழ் அறைக்கு இறங்குகிறது, கீழ் அறை பிழிந்து உடம்பு முழுக்கத் தள்ளுகிறது. மேலுக்கும் கீழுக்கும் நடுவில் ஒருவழிக் கதவு, அதுதான் மைட்ரல் வால்வு. பிஷப்மார்கள் தலையில் வைக்கிற கூம்புத் தொப்பி மாதிரி இருப்பதால் அந்தப் பெயராம். இரண்டு இதழ். கீழ் அறை பிழிகிற வேகத்துக்கு இதழ்கள் மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க, இதழ் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி கயிறுகள் இறங்கிக் கீழ் அறைச் சுவரில் விரல் விரலாக நிற்கும் இரண்டு தசைத் தூணில் கட்டியிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தூண் இழுத்துப் பிடிக்கும், இதழ் மூடி நிற்கும்.

இந்தத் தூண்களுக்கும் ரத்தம் வேண்டும் இல்லையா. முன்பக்கத் தூணுக்குப் பெரும்பாலும் இரண்டு குழாயிலிருந்து வருகிறது, ஒன்று அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். பின்பக்கத் தூணுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய். பல பேருக்கு அது வலது பக்கக் குழாயின் கிளை, நைனாவுக்கு அடைத்ததும் அதே குழாய். எட்டு மணி நேரம் ரத்தம் இல்லாமல் தூண் செத்துவிட்டது. செத்த தசை உடனே அறுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பும் அந்த நைந்த தூணை ஒரு இழு இழுக்கிறது. பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் ஒரு நாள் அறுந்துவிடும். ஸ்டென்ட் வைத்தது வீணா என்று கேட்டேன். இல்லையாம், வைக்காமல் விட்டிருந்தால் இதயச் சுவர் இன்னும் அதிகமாகச் செத்திருக்கும். சீக்கிரம் குழாயைத் திறக்கிற இந்தக் காலத்தில் இது அட்டாக் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருத்தருக்குக்கூட வருவதில்லை என்றார். சீக்கிரம் என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் அப்படிக் கேட்டது. ஜெலுசில்.

அறுந்ததும் என்ன ஆகிறது என்றால், கீழ் அறை பிழிகிற ரத்தத்தில் பெரும்பங்கு வந்த வழியே மேலே பாய்கிறது. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகுகிற வால்வு என்றால் மேல் அறை விரிந்து இடம் கொடுக்கப் பழகிவிடும். ஒரே ராத்திரியில் நடந்தால் அதற்கு ஏது நேரம்? அழுத்தம் நேரே நுரையீரலுக்குத் திரும்புகிறது, நுரையீரலில் நீர் கசிகிறது. துண்டில் நான் பார்த்த ரோஸ் நுரை அதுதான். நைனா தண்ணீரே இல்லாத ஊரில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

மருந்து மட்டும் கொடுத்துப் பிழைக்கவைப்பது அரிது, வால்வை மாற்ற வேண்டும், இப்போது இருக்கிற நிலைமையில் ஆபரேஷனும் பெரிய ஆபத்துதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தைத்துச் சரிபண்ண முடியாதா என்று கேட்டேன், நெசவாளி மகன் இல்லையா. "நைஞ்ச துணியில தையல் நிக்குமா?" என்று அவரே திருப்பிக் கேட்டார். தொடை வழியாக ஒரு பலூனைப் பெரிய ரத்தக்குழாயில் கொண்டுபோய் வைத்தார்கள். இதயம் ஓய்கிற நேரத்தில் பலூன் உப்பும், பிழிகிற நேரத்துக்குச் சரியாகச் சுருங்கி வழி விடும். ராத்திரி முழுக்க அந்த மெஷின் சத்தம். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

அதற்கு முன்னால் வராந்தாவில் நின்றபடியே முடிவு பண்ணச் சொன்ன ஒரு விஷயம் இருந்தது. இயந்திர வால்வா, திசு வால்வா? இயந்திர வால்வு என்றால் ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் அதன் மேல் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாட்டுத் திசுவிலோ பன்றி வால்விலோ செய்தது என்றால் கொஞ்ச காலம் மாத்திரை போட்டால் போதும், ஆனால் 10, 15 வருஷத்தில் தேய்ந்துவிடலாம், மறுபடி நெஞ்சைத் திறக்கணும். 57 வயசு, 72 வயசில் மறுபடியும் இதைத் தாங்குவாரா என்று யோசித்தேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "மாட்டுது வாணாம்" என்றார், அவர் காரணம் வேறே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம், அதில் ஆபரேஷன் செலவு அடங்கியது. அட்டை எடுக்க கலெக்டர் ஆபீசில் க்யூவில் நிற்கச் சொன்னபோது நைனாவோடு சண்டை போட்டது ஞாபகம் வந்தது.

இந்த ஊரில் நெஞ்சைத் திறப்பது புதிசில்லை. இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1961ல் நம் வேலூர் சிஎம்சியில் நடந்தது என்பதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். நானும் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெருமையெல்லாம் எந்த மூலைக்குப் போனதென்று தெரியவில்லை, யாராவது கதவைத் திறந்தால் போதும் என்றிருந்தது.

பிழைத்துக்கொண்டார். வென்டிலேட்டரில் ஆறு நாள், சிறுநீரகம் கொஞ்சம் மக்கர் பண்ணியது, அப்புறம் சரியானது. மொத்தம் 23 நாள். அதை விரித்து எழுதத் தெம்பில்லை.

அவருக்கு வைத்தது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் உருவான இயந்திர வால்வு. டாக்டர் வலியத்தானின் தலைமையில் பல வருஷம் பாடுபட்டுச் செய்து, 1990ல் முதல் தடவை ஒரு மனுஷனுக்கு வைத்தார்கள். வெளிநாட்டு வால்வு விலை நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்றுதான் அந்த முயற்சியே. உலோக வளையம், நடுவில் சாய்ந்து சாய்ந்து திறக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு, வெளியே தையல் போடுவதற்குச் சுற்றிலும் பாலியஸ்டர் துணி. வார்டில் ஒரு மாதிரி வால்வைக் காட்டினார்கள். நைனா மற்ற எதையும் பார்க்கவில்லை, அந்தத் துணியை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "துணி போட்டுக்கீறாங்கடா" என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

மூன்று மாசம் கழித்துத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். நெய்ய இல்லை, சும்மா. அன்றைக்குத்தான் எனக்கு வால்வைப் புரியவைத்தார். தறியில் மிதி இருக்கிறது, அதைக் காலால் மிதித்தால் கயிறு இழுக்கும், நூலைத் தூக்கிப் பிடிக்கிற விழுது ஏறி இறங்கும், நீளவாக்கு நூலான பாவு இரண்டாகப் பிரியும், நடுவில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடும். நைனா குனிந்து ஒரு மிதிக்கயிறை அவிழ்த்துவிட்டு மிதித்துக் காட்டினார். மிதி தொபக்கென்று தரையில் விழுந்தது, பாவு அசையவே இல்லை. "தறி நல்லாத்தான் கீது. நூல் நல்லாத்தான் கீது. கயிறு ஒண்ணு இல்ல, அவ்ளோதான்" என்றார். கதவு, தூண் என்று டாக்டரம்மா சொன்னதற்கும் இதற்கும் முழுசாக ஒத்துப்போகாது, தறிக்கயிறு திறக்கிறதற்கு, இதயக் கயிறு கதவு மறுபக்கம் மடங்காமல் பிடிக்கிறதற்கு. அவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி அறுந்துதான் போகும் என்றில்லை. ஆரணியில் இருக்கிற பெரியம்மாவுக்கும் அட்டாக் வந்தது, அவருக்குக் கயிறு, தூண் எல்லாம் முழுசாக இருக்கிறது. ஆனால் அட்டாக்கில் அடிபட்ட இடது கீழ் அறை மெல்ல மெல்ல உப்பிப் பெரிசாக, தூண்கள் தள்ளிப்போக, இதழ்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாமல் நடுவில் ஒழுகுகிறது. இதுதான் அதிகம் பேருக்கு வருவது. இதில் ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸ் கிடையாது, மாசக்கணக்கில் மெல்ல வரும், மாடி ஏறினால் மூச்சு, சாயந்திரம் கால் வீக்கம், வயசாகிவிட்டது என்று நாமே ஒரு சமாதானம். பெரியம்மாவுக்கு நீர் பிரிகிற மாத்திரையும் உப்பின இதயத்தைச் சின்னதாக்குகிற மாத்திரையும் கொடுத்து மூன்று மாசத்துக்கு ஒரு எக்கோ எடுக்கிறார்கள், ஒழுகல் குறைந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத சிலருக்குத் தொடை வழியாகவே போய் இதழ்களைக் கிளிப் போட்டுச் சேர்க்கிறார்களாம். நைனா கேஸைப் பார்த்த பயத்தில் பெரியம்மாவை நாங்கள்தான் எக்கோவுக்கு இழுத்துக்கொண்டு போனோம், இல்லாவிட்டால் அவரும் சுக்குக் கஷாயத்தில்தான் இருந்திருப்பார்.

இனி மாத்திரைக் கதை. அசிட்ரோம். ரத்தம் உறைவதைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதற்கு ஐஎன்ஆர் என்று ஒரு டெஸ்ட், மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு வைத்தவர்களுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும், கூடினால் எங்கேயாவது ஒழுகும். முதல் ஆறு மாசம் அந்த நம்பர் எங்களோடு கண்ணாமூச்சி ஆடியது. ஒரு வாரம் 1.6, மறு வாரம் 4.8. டோஸ் மாற்றினார்கள், மறுபடி ஆடியது. கடைசியில் பார்த்தால் முருங்கைக்கீரை. பின்பக்கத்து மரம் தழைத்துவிட்டால் அம்மா வாரம் மூன்று நாள் கீரை, மரத்தை வெட்டிவிட்டால் ஒரு மாசம் கீரையே கிடையாது. கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது செவ்வாய், வெள்ளி, ஒரு கரண்டி. நம்பர் அடங்கிவிட்டது.

இன்னொரு தடவை பல்வலி. நைனா யாரையும் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறார். நாலாம் நாள் முழங்கைக்குக் கீழே கத்திரிக்காய் கலரில் ஒரு திட்டு, அடிபட்ட ஞாபகமே இல்லை. இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேரக் கூடாது. பல் பிடுங்குவதானாலும் முதலில் இதய டாக்டரிடம் சொல்லி, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டுதான் போகணும், வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய் வால்வில் குடியேறிவிடும். மருந்துக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள், நீங்களே சொல்லுங்கள், வால்வு வைத்தவர் என்று.

ராத்திரி கரண்ட் போய், தெருக்கோடி விசைத்தறிகளும் நின்றுபோனால் நைனா நெஞ்சிலிருந்து சத்தம் கேட்கும். டக், டக், டக். முதல் தடவை கேட்டபோது அம்மா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், அப்புறமும் கேட்டது. என் பெண்ணுக்கு அப்போது நாலு வயசு, தாத்தா நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள். நைனா பீடியை விட்டது டாக்டர் சொன்னதால் இல்லை, இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டதால்.

இப்போது அவருக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. எங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ யாருக்காவது அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தால் நைனா போய்விடுவார், ஆப்பிள் எல்லாம் வாங்கிப்போக மாட்டார். போன மாசம் பாவு சுற்றுகிற மாமாவுக்கு ஆச்சு, அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். நைனா விசாரிப்பெல்லாம் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, "மச்சான், தலகாணிய எடுத்துட்டு மல்லாக்கப் படு" என்றார். அவர் சம்சாரம் எதுக்குண்ணா என்றார். "படுக்கட்டும்மா." படுத்தார். "அமுக்குதா?" இல்லை என்றார். "இருமல்?" இல்லை. "நேத்து ராத்திரி இப்டியே தூங்கினியா, எழுந்து உக்காந்தியா?" தூங்கினேன் மாமா, உன்னோட ரோதனையாப் போச்சு என்றார் அவர். நைனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது, நான் குடித்தேன், அவர் தொடவில்லை, மச்சான் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும், அந்த மனுஷன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் நைனா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "வா போலாம்" என்றார்.